அத்தை விற்ற ஜெர்மன் கார்

விற்பதற்காகத் தார்ப்பாயை உருவியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் காரின் அரக்கு நிறத் தோல் சீட்டுத்தான். கூரையைப் பின்னால் மடித்துவிட்டு, வெயிலும் காற்றும் முகத்தில் அடிக்க ஓட்டிப் போகிற பழைய ஜெர்மன் கார். ஊட்டிப் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவில் துருப்பிடித்துக் கிடந்ததை மாமா வாங்கிவந்து, தன் இரும்பு வார்ப்புப் பவுண்டரி ஆட்களை வைத்தே சரிசெய்து ஓட்டினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அப்படியொரு வண்டியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஊரில் பாதிப்பேரை ஏற்றிச் சுற்றியவர், அத்தையை மட்டும் ஒருநாளும் அழைத்துப்போனதில்லை. திறந்த வண்டியில் பொண்டாட்டியை உட்காரவைத்துப் போனால் நாலு பேர் பேசுவார்களாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதம், சத்தியமங்கலத்தில் கல்யாணம் என்று சொல்லிக் கிளம்பிய மாமா திரும்பி வரவில்லை. பவானிக் கரையில் கார் நின்றிருந்தது. கூரை திறந்திருந்தது. அவருடைய செருப்புகள் புல்லின்மேல் ஜோடியாகக் கிடந்தன. ஆற்றில் வெள்ளம். எத்தனையோ நாள் தேடியும் உடல் அகப்படவில்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, அவர் போய்விட்டார் என்று முடிவுகட்டினார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ஆளக் கண்ணுல பாக்காம பொட்ட அழிக்க மாட்டேனுங்க" என்று பெரியவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். காரைக் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்து ஷெட்டில் நிறுத்தி, தினமும் தன் கையாலேயே துடைத்தார்.

பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த நான் அப்போது அத்தையோடுதான் தங்கியிருந்தேன். சில வருஷங்கள் கழித்து, பவுண்டரியை எடுத்து நடத்திய மாமாவின் தம்பி, லேத் மெஷின் போட அந்த ஷெட் வேண்டும் என்று கேட்டார். வேறு வழியில்லாமல், கார் விற்பனைக்கு என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம்.

முதலில் வந்தவர் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். காரில் ஏறி வாசல்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர் தயங்கி நின்றார். "ஏனுங்க அம்மா, சீட்டு ஈரமா இருக்குதுங்களே?" சுட்டெரிக்கும் பங்குனி வெயில். நான் தொட்டுப் பார்த்தேன். தோல் சூடாக, காய்ந்துதான் இருந்தது. ஆனால் அவர் திரும்பியபோது வெள்ளை வேட்டியின் பின்புறம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து வந்த வாடையை இன்னும் மறக்க முடியவில்லை. மழைத்தண்ணீர் வாடை இல்லை அது. ஆற்றங்கரைச் சேற்று வாடை.

அடுத்து வந்த இருவருக்கும் அதுவே நடந்தது. மெக்கானிக்கை வரவழைத்துச் சீட்டைப் பிரித்தோம். உள்ளே ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் பொடிந்துபோகிற அளவுக்குக் காய்ந்து கிடந்தன. பயத்தில் நான் அந்த ஷெட் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். அத்தையோ பயப்படவில்லை. வந்தவர்களை அருகில் அழைத்து, நனைந்த துணியை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தார். "வேற ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? பக்கத்துல ஆரோ இருக்கற மாதிரி?" என்று கேட்டார். அவர்கள் வண்டி வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தனியாக அந்தக் காரில் போய் உட்கார்ந்தார். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாயும்வரை அவர் அசையவில்லை. பிறகு எழுந்துவந்து, என் முன்னால் திரும்பி நின்றார்.

"பாரு கண்ணு."

புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டறாரு. எனக்குக் காட்ட மாட்டேங்கறாரு," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுது முடித்ததும் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. யார் சொல்லியும் அழிக்காத பொட்டு.

கடைசியில் காரை வாங்கியவர் கோயம்புத்தூரில் மருத்துவமனை வைத்திருந்த ஒரு டாக்டரம்மா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அத்தை எதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னார். "இருக்கட்டுமுங்க அம்மா, நான் பார்த்துக்கிறேன்," என்று டாக்டரம்மா சாவியை வாங்கிக்கொண்டார். கார் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி மறையும்வரை அத்தை கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

சில மாதங்கள் கழித்து ஒரு சொந்தக்காரரைப் பார்க்க அந்த மருத்துவமனைக்குப் போனபோது, டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க அத்தைகிட்ட சொல்லிடும்மா. நான் தினமும் அதுலதான் வாரேன். ஒருநாள்கூட சீட்டு நனையல. அவங்க நிம்மதியா இருக்கலாம்."

நல்ல சேதிதானே என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அவரு அதுலயும் இல்லீன்னா, எங்க போனாரு கண்ணு?"

இப்போது எனக்கு, அன்றைக்கு அத்தைக்கு இருந்த வயசு. கோயம்புத்தூரில்தான் இருக்கிறேன். கூரை திறந்த கார் எதைக் கண்டாலும், இன்னும் நின்று அதன் சீட்டைத்தான் பார்க்கிறேன்.