சில்வர் சட்டி வைக்கலாமோ?

கந்தோரில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் காஸ் மணம் முகத்தில் அடித்தது. அம்மா குசினிக்குள் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு திறந்தபடி, நெருப்பில்லாமல் சீறிக்கொண்டிருந்தது. அடுப்பைத் திருகிவிட்டுத் தீப்பெட்டி எடுக்கப் போனவருக்கு வழியில் கத்தரிக்காய் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தீப்பெட்டி ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

நான் பொறுமைசாலி இல்லை. சிலிண்டரை மூடி, ஜன்னல்களை எல்லாம் தள்ளித் திறந்துவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசினேன். அம்மா வெட்டுவதை நிறுத்தவில்லை. தனக்கு மணம் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். அதுவும் பொய்யில்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மூக்குச் சரியாக வேலை செய்வதில்லை. இப்படி நடந்தது முதல் தரமும் இல்லை. முதல் தரம் நடந்ததை அண்ணனுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டேன். இந்த முறை என் கணவர் தொலைபேசியில் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டார்.

அண்ணன் கனடாவில் இருக்கிறார். அம்மாமேல் உயிர். அதனால்தான் அவருடைய தீர்ப்பும் கடுமையாக இருந்தது. காஸ் அடுப்பைத் தூக்கிவிட வேண்டும், முடியாதென்றால் அம்மாவைத் தன்னிடம் அனுப்பிவிட வேண்டும். நான் வேலைக்குப் போனபின் வீட்டில் அம்மா தனியே. அந்த நேரத்தில் வீடு பற்றினால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

ஆனால் அம்மா அங்கே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு குளிர்காலம் போய் இருந்துவிட்டு வந்தவர். அண்ணன் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே அடுப்பு, ஒரே குளிர்சாதனப் பெட்டி. அம்மா சுத்த சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த சட்டியில் தண்ணீர்கூடக் கொதிக்க வைக்கமாட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாணும் வாழைப்பழமுமாகக் கிடந்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். அப்போது வயது குறைவு, தாங்கினார். இனிமேல் தாங்கமாட்டார்.

நான் சமைத்துக் கொடுத்தால் தீர்ந்தது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். இது எனக்குச் சீதனமாகத் தந்த வீடுதான். ஆனால் உள்குசினி அம்மாவுடையது. என் கணவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. கலியாணத்துக்குப் பிறகு நானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் எங்கள் சமையல் பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய பத்தியில். உள்குசினிக்குள் நான் போகலாம், சாமான் எடுத்துக் கொடுக்கலாம். அடுப்பில் மட்டும் கை வைக்கக்கூடாது. கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்த அடுப்பை நான் தொட்டதில்லை. சிலிண்டரை மூடிய அன்று மட்டும்தான் தொட்டேன். அதற்கும் அம்மா அடுத்த நாள் அடுப்பைப் புளி போட்டுத் தேய்த்தார்.

நெருப்பில்லாமல் சமைக்கிற, மறந்தாலும் தானாக நின்றுவிடுகிற ஒன்று வேண்டும். மின்சார அடுப்பு சரிவராது, அது நிறுத்தும்வரை எரிந்துகொண்டே கிடக்கும். மைக்ரோவேவ் என்றால் நேரத்தை வைத்துவிட்டால் அதுவே அணைந்துவிடும். அண்ணனிடம் கெஞ்சிக் கொஞ்சம் தவணை வாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தானே அதில் சமைத்துக் காட்ட வேண்டும், அதைத் தான் தொலைபேசியில் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அது சரிவந்தால் அம்மா இங்கே. சரிவராவிட்டால் விசா.

ரவுண் கடைத்தெருவில் ஒரு பெரிய மின்சாமான் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். விற்பனையாளர் கழுத்துப்பட்டி கட்டிய, வாய் ஓயாத மனிதர். வெறும் மைக்ரோவேவ் ஒன்றைக் காட்டினார். இரண்டே இரண்டு திருகி, குழந்தையும் பாவிக்கும். அதன் பிறகு கன்வெக்ஷன் என்கிற சூட்டுக் காற்றும் சேர்ந்த பெரிய ஓவனுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார். சூடாக்கலாம், கேக் போடலாம், வாட்டலாம், ஒன்றுக்குள்ளேயே எல்லாம் என்றார். என் கணவரின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த விற்பனையாளர், செய்துகாட்ட ஆயத்தமாக வைத்திருந்த மசாலா பூசிய கோழிக்காலை எடுத்து அந்த ஓவனுக்குள் வைத்தார்.

அம்மா எழும்பி வாசலுக்குப் போய், வீதியைப் பார்த்தபடி நின்றார். மூக்கு வேலை செய்யாவிட்டாலும் கண் வேலை செய்கிறதே. எனக்கு விற்பனையாளரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது. அவருக்குப் பதிலாகக் கணவரைத் திட்டினேன், அவர்தான் பக்கத்தில் நின்றார்.

வெறும் மைக்ரோவேவையே எடுப்போம் என்று நான் சொன்னேன். மறதிக்கார மனுசிக்கு எதற்கு இத்தனை பொத்தான்கள்? ஆனால் அதற்குக் கண்ணாடிச் சட்டியும் பீங்கானும்தான் வேண்டும் என்றார் விற்பனையாளர். அங்கேதான் வந்தது வினை. அம்மாவின் கணக்கில் உலோகம்தான் சுத்தம். புளி போட்டு மினுக்கினால் பட்டதெல்லாம் போய்விடும். பீங்கானும் கண்ணாடியும் அப்படியில்லை, எந்த வீட்டில் என்ன பட்டதோ அதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் என்பார். புதிது என்றாலும் நம்பமாட்டார். அவருடைய குசினியில் இருப்பது எல்லாம் பித்தளையும் சில்வரும்தான்.

வாசலில் நின்றபடியே அம்மா கேட்டார்:

"உதுக்குள்ளை சில்வர் சட்டி வைக்கலாமோ?"

"கன்வெக்ஷனிலை வைக்கலாம் அம்மா. மைக்ரோவேவிலை மட்டும் வைக்கப்படாது, பொறி பறக்கும்" என்றார் விற்பனையாளர்.

அந்த 'வைக்கலாம்' என்ற சொல்லோடு நான் விழுந்துவிட்டேன். கோழிக்கால் போன ஓவன் வேண்டாம், பெட்டி பிரிக்காத புதிது வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, அந்தப் பெரிய ஓவனையே வாங்கினோம். என் கணவருக்கு மட்டும் அந்த ஓவனில் மச்சத்தின் நினைப்பே வரக்கூடாது என்று சொல்லி வைத்தேன்.

பிறகுதான் பயம் பிடித்தது. ஒரு பொத்தானில் சட்டி வைக்கலாம், பக்கத்துப் பொத்தானில் வைத்தால் பொறி பறக்கும். அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியை மறந்த மனுசியிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். கன்வெக்ஷன் பொத்தானில் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒட்டினேன். மைக்ரோவேவ் பொத்தானைக் காகிதம் வைத்து ஒட்டி மறைத்தேன். வேலைக்குப் போகும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுப் போனேன். திரும்பிவந்து தினமும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன், தினமும் கத்தினேன். அம்மா ஒரு நாள் சரியாக அழுத்துவார், அடுத்த நாள் மறைத்த காகிதத்தை நகத்தால் கிளறுவார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா விடியவே முழுகி, திருநீறு பூசி, சோறு வைக்க முதல் பால் பொங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். புது அடுப்பென்றால் முதலில் பால்தான். பால் பொங்கி வழிந்தால்தான் அது அடுப்பு. இதை நான் யோசிக்கவே இல்லை. தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். அண்ணனின் முகம் அதில் நிறைந்து நின்றது. வேலையால் வந்த உடுப்போடேயே இருந்தார்.

அம்மா சில்வர் சட்டியில் பால் விட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அவருடைய விரல் காகிதத்துக்கு மேலே போய் நின்றது. விரல் நகர்ந்து சிவப்புப் பொட்டை அழுத்தியது. ஓவனுக்குள் வெளிச்சம் வந்தது, காற்றாடி இரையத் தொடங்கியது.

அம்மா ஓவன் கண்ணாடிக்கு முன்னால் நின்றபடியே பார்த்தார். பால் அசையவே இல்லை. கன்வெக்ஷன் சட்டியைச் சுற்றிச் சூட்டுக் காற்றை வீசுமே தவிர அடியில் நெருப்பு வைக்காது. மேலே ஆடை கட்டி, ஆடை மஞ்சளாகி, ஓரம் கருகத் தொடங்கியது. அண்ணன் என்னமாதிரி என்று கேட்டார், கொஞ்சம் பொறுங்கோ என்றேன். பிறகும் கேட்டார். ஓவன் மணி அடித்து நின்றது. அம்மா துணியால் பிடித்துச் சட்டியை வெளியே எடுத்து, அண்ணனுக்குத் தெரியும்படி சரித்துக் காட்டினார்.

"பொங்கேல்லை" என்றார். "பொங்காத அடுப்பிலை நான் சோறு வைக்கமாட்டன்."

அப்படியென்றால் விசா அலுவலைப் பார்க்கிறேன் என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். நான் அழத் தொடங்கினேன். சரியான பொத்தானை அழுத்திய பிறகும் தோற்றுப்போனோமே என்ற ஆத்திரத்தில் அந்த ஓவனை முற்றத்தில் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அம்மா சட்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, குளிச்சிட்டு வா. வந்து நீ அடுப்பை மூட்டு."

எனக்கு விளங்கவில்லை. எந்த அடுப்பை என்று கேட்டேன்.

"எந்த அடுப்போ? என்ரை அடுப்பை. மூட்டுறதும் நூர்க்கிறதும் நீ. வைக்கிறதும் இறக்கிறதும் நான். உன்ரை அண்ணையும் கேட்கட்டும்."

கிணற்றடிக்கு ஓடி, உடுப்போடேயே வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வந்தேன். சிலிண்டரைத் திறந்து, தீக்குச்சியைத் தட்டி, அந்த அடுப்பை மூட்டினேன். அம்மா புதுப்பால் வைத்தார். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சோறும் கறியும் ஆகி அம்மா சொன்ன பிறகு நானே அடுப்பை நூர்த்து அணைத்தேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசாக் கதை அதோடு நின்றது. ஓவன் பின் பத்திக்குப் போனது, என் கணவருக்குக் கோழி வாட்ட.

இப்போது சிலிண்டரில் பூட்டுகிற றெகுலேற்றர் என் கைப்பைக்குள் கந்தோருக்கு வந்து போகிறது. அம்மா தன் வீட்டில், தன் கையால் சமைத்துத்தான் சாப்பிடுகிறார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் நான் வீட்டில் இல்லாத நேரம் அவரால் ஒரு தேநீர் வைக்க முடியாது என்ற நினைப்பு, வேலைக்கு நடுவில் வந்துவிடும்.

போன கிழமை ஒரு நாள் நித்திரையாகிவிட்டேன். நல்லாய் விடிந்த பிறகு பதறி எழும்பி, குளித்து, ஈரத்தலையோடு ஓடிப்போனால், அம்மா அரிசி களைந்து வைத்துவிட்டு, மூட்டாத அடுப்புக்கு முன்னால் மடியில் கை வைத்தபடி இருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வாழ்நாளில் யாருக்காகவும் அடுப்படியில் காத்திருக்காத மனுசி. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே என்று கத்தினேன்.

"பசிக்கேல்லைப் பிள்ளை" என்றார் அம்மா. "அவசரமில்லை, ஆறுதலா மூட்டு."