கேட்காமலே கொடுக்கிறவள்

மருந்துக்கடைக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் யாரும் முதலாளியின் மனைவியை நினைக்கமாட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிற இவளைத்தான் நினைப்பார்கள். புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். பிள்ளை குட்டி கிடையாது. கல்யாணமான புதிதில் பொழுது போகவில்லை என்று வந்து உட்கார்ந்தவள், தலை நரைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

அவளிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வயசுப்பெண் ஒருத்தி கடைக்கு வந்து, மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். வாயைத் திறக்கவே விடமாட்டாள். நாப்கின் பாக்கெட்டைப் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, பக்கத்தில் நிற்கும் ஆண்பிள்ளைக்குத் தெரியாமல் கையில் திணித்துவிடுவாள். "பொம்பளைப் புள்ள வாய்விட்டுக் கேக்கற மாதிரி வைக்கலாமா?" என்பாள்.

ஆணுறையும் கர்ப்பத்தடை மாத்திரையும் கீழ் டிராயரில் கிடந்தன. அவற்றுக்கு முதலாளியின் சட்டம் வேறு. "யூனிஃபார்ம்ல யார் வந்தாலும் இருமல் மருந்து, தலைவலி மாத்திரை. அதுக்கு மேல கேட்டா வீட்டுக்குப் போன் போடு. ஸ்கூல் பெரிய டீச்சர் நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க." இவளுக்கும் அது ரொம்ப சரியென்றே பட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவளுடைய அக்கா மகள் பன்னிரண்டாவது படித்தாள். வருஷாவருஷம் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்து ஒழுக்க வகுப்பு என்று ஒன்று நடத்துவார்கள். கல்யாணம் வரைக்கும் தள்ளி இரு, பாடம் அவ்வளவுதான். தள்ளி இருக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால், கேட்ட பிள்ளையின் அம்மாவுக்கு ஆள் அனுப்புவார்கள். யார் கேட்பார்கள்? இந்த வருஷம் மேடையேறி உறுதிமொழி வாசித்தவள் அக்கா மகள். சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்க அவசரமாக வந்தவரைக்கூட நிறுத்திவைத்துச் சொன்னாள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். நல்ல கூட்டம். ஓரமாக நின்று தரையைப் பார்த்தாள். சித்தி ஒரு கண்ணால் கவனித்து, பொட்டலம் கட்டி நீட்டினாள். "போ போ, அம்மா தேடப்போறா." பெண் பொட்டலத்தைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், போய்விட்டாள்.

மறுநாளும் வந்து அதே இடத்தில் நின்றாள். "நேத்துதானேடி குடுத்தேன்? ஃப்ரெண்டுக்கா?" என்று சித்தி கிசுகிசுத்தாள். பெண் தலையாட்டினாள். இன்னொரு பொட்டலம்.

அடுத்த நாளும் வந்தபோது கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். "என்னடி, எதிர்க்கடை போடப் போறியா?" என்று சித்தி கேட்கவும் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்ணும் சேர்ந்து சிரித்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு அவள் கடைப் பக்கமே வரவில்லை. பரீட்சை நேரம், படிக்கிறாள் என்று சித்தி நினைத்துக்கொண்டாள். ஏழெட்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தாள். புத்தகப் பையைத் திறந்து பொட்டலங்களைக் கவுண்டர்மேல் எடுத்து வைத்தாள். சுற்றிய பேப்பர்கூடப் பிரிக்கப்படவில்லை.

"இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா சித்தி? எனக்குத் தேவைப்படல. போன மாசமும், இந்த மாசமும்."

எத்தனை வருஷமாக எத்தனை முகம் பார்த்தவள், சொந்த ரத்தத்தின் முகத்தைப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே என்று சித்திக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடிப்பாவி, யாருடி அவன்?"

"அவன் டியூஷன் மாத்திட்டான் சித்தி, விடுங்க. கரு தங்காம இருக்கற மாத்திரைய மூணு நாளைக்குள்ள போடணும்னு போன்ல படிச்சேன். அதுக்குத்தான் மூணு நாளும் வந்தேன்."

சித்தி தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அக்காவிடம் சொன்னால் ராத்திரிக்குள் அவள் புருஷன் காதுக்குப் போகும். படிப்பு நின்றுவிடும், எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். அடுத்த தெரு டாக்டரம்மா, அம்மாவைக் கூட்டிவராமல் கையைப் பிடித்து நாடிகூடப் பார்க்கமாட்டாள். வேறு ஊருக்குப் போகலாமென்றால், அங்கேயும் முதல் கேள்வி அம்மா எங்கே என்பதுதான். சொல்லாமல் இருந்தால் வயிறு சொல்லிவிடும். தரையிலிருந்து கூரை வரை மருந்து அடுக்கிய கடையில் இந்தப் பெண்ணுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது?

"உனக்கு வாயில்லையாடி? நான் யாரோவா? உன் சித்திதானே!"

பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

குடுத்திருப்பேன்டி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது பொய். இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டிருப்பாள். பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியும் இருப்பாள்.

"எனக்குத் தெரியும் சித்தி," என்றாள் பெண். "அதான் கேக்கல."