கிட்டாருக்கு அனல் காட்டியவர்

"உங்கள் கிட்டார் ஏன் இப்படி அடித்தொண்டையில் உறுமுகிறது? எந்த வெளிநாட்டுக் குழுவைக் கேட்டு வளர்ந்தீர்கள்?"

கொழும்பில் ஒரு பண்பலை வானொலியில் கேட்டார்கள். எங்கள் ராக் குழு கொஞ்சம் பெயர் வாங்கியிருந்த காலம். எங்கள் மலைநாட்டில் தேயிலை மட்டும்தான் விளையும், இசையெல்லாம் கப்பலில்தான் வந்து இறங்க வேண்டும் என்பது போலிருந்தது அந்தக் கேள்வி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வாய்க்கு வந்த இரண்டு மூன்று வெள்ளைக்காரக் குழுக்களின் பெயர்களைச் சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொல்ல முடியாது. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவில் அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டனில் ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில்தான் கூடினோம். பாடுகிறவன் அந்த பேக்கரிக்காரரின் மகன், சிங்களப் பையன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்தியாகப் பாடுவான், திங்கட்கிழமை மாவு பிசையும் மேசையில் ஏறி நின்று பைலா ஆட்டப்பாட்டுப் பாடுவான். டிரம்ஸ்காரன் என் வகுப்புத் தோழன். அவனுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார். மகனை மிருதங்க வகுப்புக்கு அனுப்பினார். அவன் அங்கே படித்த சொற்கட்டுகளையெல்லாம் கொண்டுவந்து காலி மாஜரின் டின்களில் கொட்டித் தீர்த்தான்.

எனக்கு வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அப்பாவின் தப்பு மேளம் இருந்தது. பகலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். மாசியில் காமன் கூத்துக்குத் தப்படிக்க இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். எங்கள் பனியில் தப்பின் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். கவ்வாத்தில் விழுந்து காய்ந்த தேயிலைக் குச்சிகளை நாங்கள் மிலாறு என்போம். அதைக் கொளுத்தி, தப்பை நெருப்பின் மேல் பிடித்து, சுற்றிச் சுற்றி அனல் காட்டுவார். விரலால் சுண்டிப் பார்ப்பார். தோல் இறுகி, 'டங்'கென்று பேசும்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

எங்கள் முதல் நிகழ்ச்சி ஹட்டனில் தேவாலய மண்டபத்தில். குழுவுக்கு இருந்ததே ஒரு கிட்டார், பாடுகிறவனின் சித்தப்பா விட்டுப்போன பழைய மரக் கிட்டார். அதை நான் முந்தின நாள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். "பனியில சுருதியே நிக்க மாட்டேங்குது" என்று சாப்பிடும்போது அலுத்துக்கொண்டேன். அப்பா கிட்டாரை ஒரு பார்வை பார்த்தார்.

காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது வாசலில் மிலாறு எரிந்துகொண்டிருந்தது. அப்பா கிட்டாரை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார்.

"நல்லா அனல் காட்டிட்டேன் தம்பி. இனி தொய்யாது."

வாங்கிப் பார்த்தேன். பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை பலகையை விட்டு எழும்பியிருந்தது. இடுக்கில் ஒரு தேயிலை இலையையே நுழைத்துவிடலாம். கத்த வாயெடுத்தேன். அப்பா நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தக் கோபம் நிற்கும்?

"நல்லாயிருக்குப்பா" என்றேன்.

மண்டபத்தில் கிட்டாரைக் கண்டதும் டிரம்ஸ்காரன் தலையில் கைவைத்தான்.

"என்னடா இது? ஆர் இப்பிடிச் செய்தது?"

சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "கொப்பா வாறாரோ?" என்று மட்டும் கேட்டான். அப்பா வருகிறார் என்றேன். "அப்ப இதிலதான் வாசிக்க வேணும்" என்றான்.

கம்பிகளை இறுக்கினால் கட்டை பிய்ந்துகொண்டு வந்துவிடும். அதனால் ஆறு கம்பியையும் கட்டை தாங்குகிற அளவுக்குத் தளர்த்தினோம். கிட்டார் பாதாளத்துக்கு இறங்கி உறுமியது. பாடுகிறவன் தன் குரலையும் கூடவே இறக்கினான். அவனிடம் அப்படியொரு கரகரப்பு இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேல் சுரங்களை எட்ட முடியாததால் நான் கம்பிகளை மீட்டுவதை விட்டுவிட்டு, தப்பை அடிக்கிற மாதிரி அடித்தேன். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள். எங்கள் குழுவின் சத்தம் அப்படிப் பிறந்ததுதான். அப்பா கடைசி வரிசையில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

கட்டையைப் பிறகு ஒட்டிக்கொண்டோம், சுருதியை மட்டும் மேலே ஏற்றவில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் வந்த பின்னும் ஒரு வழக்கத்தை நான் விடவில்லை. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முதலில் வீட்டுக்குப் போய், "அனல் காட்டுங்கப்பா" என்று கிட்டாரை அப்பாவிடம் நீட்டுவேன். நீட்டாமல் விட்டால், அன்றைக்குக் கிட்டார் அவர் கையில் கெட்டுப்போனதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடுமே என்ற பயம். அவரும் வாங்கி நெருப்புக்கு நேரே பிடிப்பார், ஆனால் சூடே படாத தூரத்தில். வயதாகிவிட்டது, புகை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு வானொலி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவருக்கு போன் போட்டேன்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன். யாரோ வெள்ளக்காரன் பேரெல்லாம் சொன்ன. ஏன், நம்ம நெருப்பச் சொன்னா என்ன? நான்தான அத ஒடச்சேன்?"

வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"ஒங்களுக்கு எப்பருந்துப்பா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். பசை இளகுன வாசம் வந்திருச்சுல்ல. நீ என்ன சொல்லப்போறியோன்னு நெஞ்சு படபடன்னு நின்னேன். நல்லாயிருக்குப்பான்னுட்ட."

"பெறகு ஏன்ப்பா ஒவ்வொரு வாட்டியும் அனல் காட்டுனீங்க?"

"நீதான நீட்டுன" என்றார். "ஒடச்ச கையிலயே திரும்பத் திரும்பக் கொண்டாந்து குடுத்தியே தம்பி. அத எப்புடி வேணாங்கிறது?"

நடைபாதையில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு, சனிக்கிழமை ஹட்டனில் நிகழ்ச்சி இருக்கிறது, மிலாறு பொறுக்கி வையுங்கள் என்று சொன்னேன்.