எஸ்ஸுங்க சார்

எங்கள் கல்லூரியில் வேலை வழிகாட்டி மையம் என்று ஒரு அறை இருந்தது. அறை என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு பீரோ, ஒரு மேசை, பேப்பரில் வரும் வேலை விளம்பரங்களை வெட்டி ஒட்ட ஒரு பலகை. வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் உதவியாளனாக நான். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், அந்த அறைக்குப் புதிதாக ஒரு மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்று மேலிடத்து அனுமதி வந்தது. ஒன்றே ஒன்று.

மையத்துக்குப் பொறுப்பாக இருந்த வணிகவியல் பேராசிரியர், பாலக்கோட்டுக்காரர், சைக்ளோஸ்டைல் மெஷின்தான் வேண்டும் என்றார். மாதிரி பயோடேட்டாவை நகல் உருட்டி எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நான் டேப்ரிக்கார்டர் என்றேன்.

"நம்ம புள்ளைங்க எழுதறதுல புலிங்க சார். வாயத் தொறந்தாத்தான் சிக்கலு. பேசறத அவங்களே ஒருக்கா கேட்டா தன்னால சரியாயிரும்."

"பாட்டு கேக்கறதுக்கு அடி போடறயாப்பா?"

"அதுவுந்தாங்க சார்."

சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு கையெழுத்தும் போட்டார். "வாங்கி வெச்சு தூசி படிஞ்சுதுன்னா உன் தலையிலதான் கட்டுவேன்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். சேலம் போய் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ரிக்கார்டு பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். எனக்கு அது பெரிய அழகாகத் தெரிந்தது.

முதலில் உட்கார்ந்தது பி.காம் கடைசி வருஷத்துப் பெண். பென்னாகரத்தில் அவள் அப்பா, அவள் வாயில் அத்தா, ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஆபீஸ் வேலைக்கு அவளை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. "இந்த ஒரு எடத்துக்குப் போயிட்டு வா. கெடைச்சா சரி. இல்லைன்னா வேலைங்கற பேச்ச அதோட வுட்டுரணும்" என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆக, அவளுக்கு இருந்தது அந்த ஒரே இண்டர்வியூ.

பேராசிரியர் அதிகாரி மாதிரி உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டார். கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். "எஸ்ஸுங்க சார். நோங்க சார். மை அத்தா ஈஸ் ஸ்டவ் ரிப்பேருங்க சார்."

எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் 'ங்க' போடாமல் பேசுவது சட்டைப் பட்டன் போடாமல் போய் நிற்கிற மாதிரி. அது இங்கிலீஷுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் முதலில் சிரித்தாள். பிறகு முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேர் கேட்டால்கூட தலையைத்தான் ஆட்டினாள். அதற்கு மறுநாளும் அப்படியே.

"வாயத் தொறக்கறதுக்குன்னு மெஷின் வாங்குனோம். இருந்த வாயும் போச்சு" என்றார் பேராசிரியர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் அப்பா காலையில் கடை திறக்கும்போது என்ன நினைப்பாரோ என்றெல்லாம் எனக்கு ஓட ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளே வந்தாள். "அண்ணா, ஒருக்கா நான் அதிகாரி சேர்ல உக்காரட்டுங்களா? சார் இந்தப் பக்கம் உக்காரட்டும்."

பேராசிரியர் "சரி, கேளும்மா" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன். அவள் குரலைக் கனமாக்கிக்கொண்டாள். படிப்பு, அனுபவம் என்று கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று, "ஹூ ஈஸ் தி பாஸ் அட் ஹோம்?" என்றாள்.

"மை வைஃபுங்க மேடம்."

கேசட்டைப் போட்டுக் கேட்டோம். "அது நான் இல்ல. மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார். "இன்னொருக்கா போடுங்கண்ணா" என்றாள் அவள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே. போட்டேன். பாலக்கோட்டுக்காரர் குரல் சுத்தமாகக் கேட்டது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போகட்டும்மா, நம்ம ஊரு பாஷை அப்படி" என்றார்.

அதற்குப் பிறகு அவளே வேறு கேசட் போட்டுப் பட்டனை அழுத்துவாள், பேசுவாள், கேட்பாள், அழித்துவிட்டு மறுபடி பேசுவாள். 'ங்க' முழுசாகப் போகவில்லை. ஆனால் பேச்சு நிற்காமல் வந்தது.

ஓசூர் போய்விட்டு அடுத்த நாள் காலை நேராக எங்கள் அறைக்கு வந்தாள். பஸ்ஸில் கசங்கிய துப்பட்டா, கையில் அதே பைல். நான் பசைப் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"மூணு பேர் உக்காந்திருந்தாங்க. ரூம்புல எங்கியோ ஒரு சிவப்பு லைட்டு. அதப் பாத்ததும் எனக்கு 'மை வைஃபுங்க' ஞாபகம் வந்துருச்சு. சிரிப்ப அடக்கவே முடியல. என்னன்னு கேட்டாங்க, சொல்லிட்டேன்…"

"சொல்லிட்டயா?" என்று பேராசிரியர் எழுந்தேவிட்டார்.

"சார் பேர் சொல்லல. எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம்னு சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் பயமே இல்ல, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். வேலை கெடைச்சுதா இல்லியா, மொதல்ல அதச் சொல்லும்மா."

"எஸ்ஸுங்க சார்."

பிரஷ்ஷிலிருந்து பசை என் செருப்பில் சொட்டியிருந்தது, பிறகுதான் பார்த்தேன். மூன்று பேரும் கேண்டீனுக்குப் போனோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு வடை ருசித்தது.

டீ டம்ளரை வைத்துவிட்டுப் பேராசிரியர் மெதுவாகச் சொன்னார். "ஏம்ப்பா, அந்த கேசட்ட மட்டும் அழிச்சிரு."

"இருக்கட்டும் சார்" என்று அவள் முந்திக்கொண்டாள். "அடுத்த வருசத்துப் புள்ளைங்களுக்கு ஆகும்."