இரண்டு ஊருக்கு ஒரு தலைவர்

மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். போன கோடையில், கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, போலந்தையும் சுவீடனையும் ஒரே நேரத்தில் ஆண்ட ஓர் அரசனைப் பற்றிச் சொன்னாள். போலந்தில் பிரபுக்கள் கூடி அவனைத் தெரிவு செய்தார்கள். சில வருடங்களில் தகப்பன் இறக்க, சுவீடனும் அவனுக்கு வந்தது. அவனோ போலந்திலேயே இருந்துவிட்டான். சுவீடனைப் பார்த்துக்கொண்டவர் அவனுடைய சித்தப்பா.

"அப்பா, இது அப்படியே உங்கட ஸ்டோரி."

எனக்குச் சுருக்கென்றது. "போதும், சாப்பிடு" என்றேன்.

மனைவியின் ஊரவர்கள் இங்கே நடத்தும் ஊர்ச்சங்கத்தில் மேற்குத் தெருவும் கிழக்குத் தெருவும் கீரியும் பாம்பும். இரண்டு பக்கமும் சேராத மாப்பிள்ளை என்பதால் என்னைத் தலைவராக்கினார்கள். அடுத்த வருடம் அப்பா காலமானார். எங்கள் ஊர்ச்சங்கத்தைத் தொடக்கியவர், கடைசி வரை அதன் தலைவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அந்தத் தலைவர் கதிரையும் எனக்கு வந்தது. அப்பா இருந்த கதிரை. விட எனக்கு மனமில்லை. உபதலைவர் என் சித்தப்பா. என்னைக் கனடாவுக்கு எடுத்து, விமான நிலையத்தில் குளிர்ச்சட்டையோடு நின்றவர்.

இரண்டு சங்கத்தின் கோடை ஒன்றுகூடலும் அந்த வருடம் ஒரே ஞாயிறில் விழுந்தன. நான் கெட்டிக்காரத்தனமாக ரூஜ் ஆற்றுப் பக்கத்தில் ஒரே பூங்காவின் இரண்டு முனைகளைப் பதிந்தேன். பத்து மணிக்கு மனைவியின் ஊருக்கு விளக்கேற்றிவிட்டு, பதினொன்றுக்கு எங்கள் ஊருக்கு ஏற்றலாம். தலைவர் விளக்கேற்றாமல் இரண்டு இடத்திலும் சாப்பாடு இல்லை.

"இஞ்சேருங்கோ, ரெண்டு தோணியில கால் வைக்காதேங்கோ" என்றாள் மனைவி. கேட்டேனா?

பத்து மணி என்று அறிவித்தால் தமிழ்ச்சனம் பதினொன்றரைக்குத்தான் வரும். இருபது வருடம் நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது மறந்துபோனது. மனைவியின் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர்களும், எனக்குப் பிறகு இரண்டாம் திரியை எந்தத் தெரு ஏற்றுவது என்று பிடுங்குப்படத் தொடங்கினார்கள்.

சித்தப்பா நேரம் தவறாதவர். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து பதினொன்றேகாலுக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எங்க நிக்கிறாய்?"

"அஞ்சு நிமிசத்தில வாறன், சித்தப்பா."

பன்னிரண்டுக்குத் திரும்ப அழைத்தார். "பிள்ளையள் பசியில நிக்குதுகள்."

"இந்தா வெளிக்கிட்டிட்டன்."

பொய். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டரையாகியும் மூன்றாவது அழைப்பு வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தீப்பெட்டியை யாரோ ஒருவரின் கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோர் கையிலும் சாப்பாட்டுத் தட்டு.

"வா மோனை, சாப்பிடு" என்றார் சித்தப்பா. குரலில் கோபமே இல்லை. யாரோ எனக்கு விருந்தினர் வரிசையில் கதிரை போட்டார்கள்.

எங்கள் வழக்கப்படி சாப்பாடு முடிந்ததும் மரத்தடியில் நிர்வாகத் தெரிவு. ஓர் அண்ணை தலைவர் பதவிக்குச் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார். கைகள் உயர்ந்தன.

"ஆருக்கும் மறுப்பு இருக்கோ?" என்று அண்ணை கேட்டார்.

சித்தப்பா என்னையே பார்த்தார். மறுப்பு என் தொண்டை வரை வந்தது. அந்தக் குளிர்ச்சட்டை நினைவுக்கு வந்தது. நானும் கையை உயர்த்தினேன்.

திரும்பி வரும்போது, "அந்த அரசனுக்கு என்ன நடந்தது?" என்று மகளைக் கேட்டேன்.

"படையோட வந்து சித்தப்பாவோட சண்டை பிடிச்சவர். தோத்துப் போனார். சுவீடன் போயிட்டுது. ஆனா சாகும்வரைக்கும் தன்னை சுவீடன் கிங் எண்டுதான் எழுதினவர், அப்பா."

எங்கள் ஊர்ச்சங்க வாட்ஸ்அப் குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்றைக்கும் 'தலைவர்' என்றுதான் இருக்கிறது. அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அழிக்கச் சொல்லச் சித்தப்பாவுக்கும் மனம் வரவில்லை.