ஞாயிற்றுக்கிழமை நிழல்

இயற்கையைப் பார்த்தே தீருவது என்று நெய்வேலி குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு, நானும் மனைவியும் புளிசாதத்தோடு காடாம்புலியூர் முந்திரித்தோப்பில் வந்து இறங்குகிறோம். தோப்புக்காரம்மா குடும்பத்தோடு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருக்கிறார். தலை நிறைய கனகாம்பரம், கையில் தூக்குவாளி.

"வெளியூர் போறீங்களா?" என்கிறேன்.

"நெய்வேலிக்குங்க. லீவுன்னா அங்கதான். ரோடு பூரா மரம், குளுகுளுன்னு இருக்கும். சாப்ட்டுகினு படுத்துக் கெடந்துட்டு வருவோம். நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

சொல்கிறேன். ஆட்டோ குலுங்கச் சிரிக்கிறார்.

"அவ்ளோ நெழல வெச்சிகினு எறும்புகிட்ட கடி வாங்க வந்தீங்களா? எந்த பிளாக்குங்க?"

சொன்னதும் முகம் மலர்கிறது. "அங்க வூட்டுக்கு வூடு மாமரமாச்சே! உங்க வாசல்ல குந்திக்கட்டுங்களா?"

மரத்தை நானே நட்டதுபோல் தாராளமாகத் தலையாட்டுகிறேன். ஆட்டோ கிளம்புகிறது.

ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்ததும் செவ்வெறும்புகள் வேலையைத் தொடங்குகின்றன. மனைவி முதுகைச் சொறிந்துகொண்டே கேட்கிறாள்:

"அடுத்த வாரம் அவங்க ஆட்டோலயே நாமளும் நம்ம வீட்டுக்கு டூர் போலாமா?"