ஒரு கை உப்பு கூடிப்போன கிறிஸ்துமஸ்

1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று நடந்தது இது. உத்தமபாளையத்துக்குத் தெற்கே, நெல் வயலும் திராட்சைப் பந்தலுமாகக் கிடக்கிற எங்கள் ஊரில், என் வீட்டுக் கொல்லையில். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணியை வருடா வருடம் ஆக்குவது என் பள்ளித் தோழன். உத்தமபாளையத்து முஸ்லிம். பிழைப்புக்கு வாழைக்காய் மண்டி, ஆசைக்குச் சமையல். கல்யாண வீடுகளில் அவன் கை பட்ட அண்டாவுக்குத் தனி மரியாதை உண்டு. ஒருவரை ஒருவர் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த வருடம் கிறிஸ்துமஸ், நோன்பு மாதத்துக்குள் வந்து விழுந்துவிட்டது.

“இந்தத் தடவ நீ வேணாம் மாப்ள, வேற ஆளப் பாத்துக்கிறேன்” என்றேன்.

“நோன்பு வாய்க்குத்தேன், கைக்கு என்ன கேடு? விறகக் காய வச்சு வையி, போதும்” என்று போனை வைத்துவிட்டான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குள் வேறொரு படபடப்பு. நான்கு வருடமாக எங்கள் வாசல் மிதிக்காத என் அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள்.

காரணம் நான்தான். கெங்குவார்பட்டியில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில், தாய்மாமன் நான், வெள்ளைப் பட்டுடுப்பும் மாலையுமாகக் கோயில் வாசலில் நிற்க வேண்டியவன். நிற்கவில்லை. அன்று நான் மேகமலையில் இருந்தேன். அந்தக் காலத்தில் எனக்குக் காலில் சக்கரம். பனி எங்கே தெரிந்தாலும் அதற்குள் நுழைந்து பார்க்க வேண்டும். கையில் ஒரு நோட்டு, பையில் நாலு பீடி, கூட இரண்டு சிநேகிதர்கள். “மலைச்சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது” என்று பிறகு கடிதம் எழுதினேன். அக்கா பதில் போடவில்லை. பொங்கல் போனது, ஈஸ்டர் போனது, நான்கு கிறிஸ்துமஸ் போனது. ஐந்தாவதுக்கு என் மனைவி நேரில் போய்க் கூப்பிட்டதில் கொஞ்சம் இளகினாள். அதிலும் ஒரு நிபந்தனை: “மதியம் ஒரு வாய் சாப்பிட்டுட்டு மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிருவேன். ராத் தங்கச் சொல்லக் கூடாது.”

அந்த ஒரு வாய்ச் சோறு நன்றாக அமைய வேண்டும். நான் மாதாவிடம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

காலை ஒன்பது மணிக்கே நண்பன் கைலியை மடித்துக் கட்டிவிட்டான். இரண்டாம் பூசை முடிந்து வந்த உறவுக்காரர்கள் முன்கட்டில் அச்சுமுறுக்கும் கேக்குமாகக் கலகலத்துக்கொண்டிருக்க, கொல்லையில் நாங்கள் இரண்டு பேர். பட்டையும் கிராம்பும் நெய்யில் வெடிக்க, கறியும் தக்காளியும் குழைய, புதினா வாசம் பந்தல் தாண்டிப் போனது. அவன் குனிந்து ஆவியை முகர்ந்து பார்ப்பான், தலையை ஆட்டிக்கொள்வான். ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. அனலில் முகம் சிவந்து கிடந்தது.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு வைராக்கியம். அவன் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது நான் மட்டும் கரண்டியை நக்குவதா? நானும் காலையிலிருந்து கேக் தொடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. யாரும் கேட்காத விரதம். ஆனால் எனக்குள் அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! இரண்டு மதம், ஒரு பட்டினி என்று மனசுக்குள் ஒரு கவிதைகூடத் தொடங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்தாள். கூடவே வளர்ந்துவிட்ட மகள், பதின்மூன்று வயது, இரட்டைச் சடை. அக்கா என் மனைவியிடம் பேசினாள், நண்பனை “என்ன தம்பி, நல்லாருக்கீகளா?” என்று விசாரித்தாள், என்னைத் தாண்டிப் போய் முன்கட்டு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள். கைப்பையைக் கீழே வைக்காத விருந்தாளி எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுவாள்.

அண்டாவில் அளவுத் தண்ணீர் ஊற்றியாயிற்று. நண்பன் கடிகாரத்தைப் பார்த்தான். “லுகர் தொழுதுட்டு வந்துர்றேன் மாப்ள. கொதி வந்தா தீயை இழுத்து விடு. வேற ஒண்ணும் செய்யாத” என்று சொல்லி, குழாயடியில் கைகால் கழுவி மாடிக்கு ஏறிப் போனான்.

வேற ஒண்ணும் செய்யாத என்றுதான் சொன்னான்.

கல்லுப்புப் பொட்டலம் கட்டுப் பிரியாமல் அப்படியே இருந்தது என் கண்ணில் பட்டது. பாவம், பட்டினிக் கிறக்கத்தில் உப்பை மறந்துவிட்டான் என்று தோன்றியது. ருசி பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நான்தான் விரதமாயிற்றே! கவிதை வேறு பாதியில் நிற்கிறது. பொட்டலத்தைப் பிரித்தேன். ஐந்து படி அரிசிக்கு அவன் எவ்வளவு போடுவான் என்று போன வருடங்களில் பார்த்தது ஞாபகம் இருந்தது. கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டுக் கிண்டிவிட்டேன். சொல்லிக்காட்டக் கூடாது, நண்பனின் மறதியை நண்பன் மூட வேண்டும் என்று பெருந்தன்மை வேறு.

எனக்குத் தெரியாதது இதுதான். அந்த வருடம் அவன் உப்பை வீட்டிலேயே கரைத்துக் கொண்டுவந்திருந்தான். ருசி பார்க்க முடியாது என்பதால் முந்தின நாளே அளந்து, கரைத்து, மண் கீழே தங்கியதும் தெளிவை இறுத்து ஒரு தூக்குவாளியில் எடுத்துவந்தான். அதை அவன் ஊற்றியதை நான் பார்த்தேன். தண்ணீர் என்று நினைத்தேன்.

தொழுது முடித்து இறங்கினான். அரிசி போடுமுன் ஒரு தயக்கம் வந்திருக்கும்போல. முன்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “அக்கா, கொஞ்சம் இங்கன வாங்க. நமக்கு இன்னிக்கு நாக்குப் பூட்டு. ஒரு சொட்டு பாத்துச் சொல்லுங்க.”

அவன் கூப்பிட்டதற்காக அக்கா எழுந்து வந்தாள். கரண்டிச் சாற்றை உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். அடுத்த நொடி பந்தல் காலடியில் துப்பினாள்.

“ஆத்தா! இதென்ன தம்பி, தூத்துக்குடிக் கடலை லாரியில ஏத்தி வந்து இறக்குனீகளா?”

நண்பனின் முகம் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை. “இருக்காதே அக்கா... அளந்துதேன் கரைச்சேன். நோன்புல கணக்குத் தப்பிருச்சு போல. தப்பு எம்மேலதேன். மன்னிச்சுக்கங்க” என்றான். ஊர் ஊராக ஆட்கள் தேடிவந்து கூட்டிப்போகிற கை அது.

முன்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். “பட்டினி கெடக்குற மனுசன நெருப்புல நிறுத்துனா வேறென்ன ஆகும்?” என்று யாரோ அவனுக்குப் பரிந்து பேசினார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே முடிந்துபோகும். நோன்பு என்று ஒரு காரணம் தயாராக இருக்கிறது. எல்லாரும் அதை மன்னிக்கவும் தயாராக இருக்கிறார்கள். மண் சரிந்தது, பஸ் நின்றது என்பது மாதிரி ஒரு நல்ல காரணம். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு மூச்சு நேரம் நான் பேசாமல்தான் நின்றேன்.

பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். “அவன் இல்ல. நான்தேன். அவன் போட்டது தெரியாம நானும் போட்டுட்டேன்.”

அக்கா நான்கு வருடத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். “ஏன்லே, நாக்குல வச்சுப் பாத்தா உன் கவுரவம் கொறஞ்சு போகுமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், வேறொன்று வெளியே வந்து விழுந்தது.

“அக்கா, அன்னிக்கு மண்ணும் சரியல, பஸ்ஸும் நிக்கல. நான் தேதிய மறந்துட்டேன்.”

அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவின் பின்னால் நின்ற மருமகள்தான் பேசினாள். “மறந்தீகளா மாமா? அம்மா நீங்க வந்த வண்டி கவுந்திருச்சுன்னு நெனச்சு அன்னிக்குப் பூரா அழுதாக. சின்னமனூர் வரைக்கும் ஆளு விட்டு விசாரிச்சாக. போட்டோல பாருங்க, அம்மா கண்ணு வீங்கியிருக்கும்.”

அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்றே நான்கு வருடம் நினைத்திருந்தேன். நான் கடிதத்தில் மண்சரிவைக் கற்பனை செய்வதற்கு முன்பே, அவள் ஒரு பகல் முழுக்க என்னைத் தேடியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். இப்போது கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நண்பனிடம் திரும்பினாள்.

“இன்னும் எம்புட்டு அரிசி கெடைக்கும் தம்பி?”

அதுதான் அவள் சொன்ன பதில். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி வேறொரு வார்த்தையும் அவள் பேசியதில்லை.

உப்பு இரண்டு பங்கு என்றால் சோறும் இரண்டு பங்காக வேண்டும். பண்டிகை நாள், எங்கள் ஊரில் கடை அடைப்பு. நண்பன் வீட்டில் சீரகச் சம்பா மூட்டை இருந்தது. என் டிவிஎஸ் ஃபிப்டியில் நான் உத்தமபாளையம் பறந்தேன். நண்பனின் மனைவி அரிசியை அளந்தபடியே, “மொத்தம் பத்துப் படியா? யாரு உக்காந்து திங்கிறது அம்புட்டையும்?” என்றார். “நீங்கதேன். வீட்டோட வந்துருங்க, நோன்பு அங்கனயே திறந்துக்கலாம்” என்றேன். ஒரு அண்டாவை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு நான் திரும்புவதற்குள், அக்கா பாதிச் சாற்றை வடித்து வைத்து, தெருவில் நாலு வீட்டு உருளைக்கிழங்கையும் முட்டையையும் வாங்கி அவித்து உரித்துக்கொண்டிருந்தாள். நண்பன் அவள் சொன்னபடி ஆடினான். மூன்று மணி பஸ் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு அண்டாவும் தம் முடிந்து திறந்தபோது மணி நாலே முக்கால். பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறினோம். பெரியவர்கள் இலை போட்டு உட்காரும்போது அக்கா தடுத்தாள். “விடியக்காலத்துல இருந்து இந்த மனுசன் தொண்டையில தண்ணி எறங்கல. நாம மட்டும் திம்போமா? ஒரு மணி நேரந்தான, காலாற நடந்துட்டு வாங்க எல்லாரும்.”

ஆறு மணிக்கு நண்பனின் வீட்டார் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சியோடு. மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. குடிலுக்கு மேலே நட்சத்திர விளக்கைப் போட்டோம். நண்பன் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தான். அவனுக்குப் பக்கத்து இலையில் நான், எதிரில் அக்கா. இலையில் பிரியாணி விழுந்ததும் அறுபது பேரும் அவன் வாயையே பார்த்தோம். மென்றான். கண்ணை மூடினான். மறுபடி மென்றான்.

“அக்கா, கோவிச்சுக்கிறாதீக. உப்பு கொஞ்சம் பத்தல.”

அக்காதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சின்ன வயதில் சிரிப்பாளே அப்படி. அன்று இரவு மட்டுமல்ல, புத்தாண்டுப் பூசை வரைக்கும் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

எனக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. சக்கரம் மட்டும் காலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, தேதிகள் இன்னமும் மறந்துபோகின்றன. ஆனால் அன்றைக்குப் பிறகு எவர் முன்னால் தலைகுனிய நேர்ந்தாலும், நாக்கு நுனியில் வந்து நிற்கிற நல்ல நல்ல காரணங்களையெல்லாம் விழுங்கிவிட்டு ‘நான்தான்’ என்று மட்டும் தொடங்குகிறேன். மிச்சத்தைப் பெரும்பாலும் எதிரே நிற்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.